விமானப் பணியாளர் வேலைக்கு அறிவியல் எதற்கு?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான்காம் படிவ அறிவியல் வகுப்பில், "படித்து முடித்ததும் என்னவாக ஆசை?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தேன். மருத்துவர், பொறியியலாளர், காவல்துறை அதிகாரி என்று வழக்கமான பதில்கள் வந்தன. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "விமானப் பணிப்பெண் ஆகணும் டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. "தண்ணி ஊத்திக் கொடுக்கிற வேலை" என்று ஒரு பையன் சத்தமாகச் சொன்னான்.

அவனைக் கண்டித்தேன். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், என் மனத்திலும் ஏறக்குறைய அதே எண்ணம்தான் இருந்தது. அடுத்த மாதம் பெற்றோர் சந்திப்பு நாளில், "நல்லா படிக்கிற பிள்ளைம்மா, வேற ஏதாவது யோசிக்கச் சொல்லுங்க" என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். அதன் பிறகு அந்த மாணவி என் பாடத்தில் ஆர்வம் காட்டவில்லை. காரணம் கேட்டபோது, "அந்த வேலைக்கு எதுக்கு டீச்சர் சயன்ஸ்?" என்று திருப்பிக் கேட்டாள். என்னிடம் சரியான பதில் இல்லை.

அந்த ஆண்டு தீபாவளிக்கு என் முன்னாள் மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஆறு ஆண்டுகளாக விமானப் பணியாளராக இருப்பவள். அவளிடம் இதே கேள்வியைக் கேட்டேன். "டீச்சர், நீங்க போர்டுல எழுதிப் போட்ட பாயில் விதியை நான் ஒவ்வொரு பயணத்திலேயும் பார்க்கிறேன்" என்று சிரித்தாள். அன்று அவளிடம் கேட்டதும், அதன் பிறகு நானே தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

தாதியரில் தொடங்கிய வேலை

1930-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், அமெரிக்காவின் ஓக்லண்டிலிருந்து சிகாகோவுக்குச் சென்ற விமானத்தில் எல்லன் சர்ச் என்ற பெண் பணியாற்றினார். உலகின் முதல் விமானப் பணிப்பெண் அவர்தான். அவர் ஒரு தாதி. விமானம் ஓட்டவும் கற்றிருந்தார். விமானியாக அவரைச் சேர்த்துக்கொள்ள அந்த நிறுவனம் முன்வரவில்லை. அப்படியானால் தாதியரை விமானத்தில் பணிக்கு வைக்கலாமே, பறக்கப் பயப்படும் பயணிகளுக்குத் துணிவு வருமே என்று அவர் சொன்ன யோசனை ஏற்கப்பட்டது. தொடக்கத்தில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள்; எட்டுப் பேருமே தாதியர். ஆக, இந்த வேலை பிறந்தபோதே அதன் அடிப்படை பயணிகளின் உடல்நலமும் பாதுகாப்பும்தான். உணவுத் தட்டு அதற்கு அடுத்துதான் வருகிறது.

இன்றும் விமானத்தில் எத்தனை பணியாளர்கள் இருக்க வேண்டும் என்பதை உணவு பரிமாறும் வேலை முடிவு செய்வதில்லை. 50 இருக்கைகளுக்குக் குறைந்தது ஒரு பணியாளர் என்பது பல நாடுகளில் உள்ள பாதுகாப்பு விதி. ஆபத்து நேரத்தில் பயணிகளை வெளியேற்ற அத்தனை பேர் தேவை.

கெந்திங் மலையில் அமர்ந்திருக்கும் பயணிகள்

விமானம் 35,000 அடி (ஏறத்தாழ 10,700 மீட்டர்) உயரத்தில் பறக்கும்போது வெளியே வெப்பநிலை சுமார் கழித்தல் 54 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் சுமார் 24 கிலோபாஸ்கல். கடல்மட்டத்தில் நாம் அனுபவிக்கும் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அதாவது அங்கே கால்வாசி அழுத்தம்கூட இல்லை.

அதனால் விமானத்திற்குள் காற்றைச் செலுத்தி அழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள். ஆனால் தரையில் உள்ள அளவுக்குக் கூட்டுவதில்லை. அப்படிச் செய்தால் உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை மிகுந்துவிடும். அதைத் தாங்க விமானத்தின் உடலை இன்னும் கனமாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே உள்ளே 8,000 அடி மலையில் உள்ள அழுத்தத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது ஏறத்தாழ 6,000 அடி. நம் கெந்திங் மலையின் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். அந்த விமானங்களில் பயணம் செய்பவர்கள், மூச்சைப் பொறுத்தவரை, கெந்திங் மலை உச்சியில் அமர்ந்திருக்கிறார்கள்.

இங்கேதான் பாயில் விதி வருகிறது. வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் அழுத்தம் குறைந்தால் அதன் கனஅளவு கூடும். 8,000 அடியில் அழுத்தம் சுமார் 76 கிலோபாஸ்கல். 101-ஐ 76-ஆல் வகுத்தால் 1.33 வரும். உங்கள் வயிற்றில் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு விரிகிறது என்று பொருள். காதிலும் அப்படித்தான். சளி பிடித்து நடுக்காதின் குழாய் அடைத்துக்கொண்டால், ஏறும்போது விரிந்த காற்று வெளியேறும். ஆனால் இறங்கும்போது காற்று உள்ளே திரும்ப வழியில்லாமல் செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படும். குழந்தைகள் தரையிறங்கும் நேரத்தில் அழுவது இதனால்தான். அந்த நேரத்தில் பால் கொடுக்கச் சொல்லும் பணியாளர், விழுங்கும் அசைவினால் அந்தக் குழாய் திறக்கும் என்பதைத் தெரிந்தே சொல்கிறார். கடும் சளி உள்ள பணியாளர்கள் பறக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

செய்து பாருங்கள்: அடுத்த முறை கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ போனால், ஒரு காலி பிளாஸ்டிக் போத்தலை மேலே வைத்து இறுக்கி மூடுங்கள். கீழே வந்ததும் எடுத்துப் பாருங்கள். யாரோ கையால் நசுக்கியது போல் இருக்கும். போத்தலை நசுக்கியது காற்றழுத்தம்தான்.

முதலில் உங்களுக்கு, பிறகு மற்றவருக்கு

"முகக்கவசம் கீழே விழுந்தால் முதலில் நீங்கள் அணிந்துகொண்டு, பிறகு பிள்ளைக்கு அணிவியுங்கள்" என்ற அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள். என் வகுப்பில் ஒருவன், "இது சுயநலம் இல்லையா டீச்சர்?" என்று கேட்டதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

35,000 அடியிலும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். விழுக்காடு மாறுவதில்லை, அழுத்தம்தான் குறைகிறது. தரையில் ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் சுமார் 21 கிலோபாஸ்கல். அங்கே 24-இல் 21 விழுக்காடு, அதாவது சுமார் 5 கிலோபாஸ்கல். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு ஆக்சிஜனைத் தள்ள இந்த அழுத்தம் போதாது. விமானத்திற்குள் அழுத்தம் திடீரென்று போய்விட்டால், அந்த உயரத்தில் ஒருவர் தெளிவாகச் சிந்தித்துச் செயல்படக்கூடிய நேரம் 30 முதல் 60 விநாடிகள் மட்டுமே. அதற்குள் பிள்ளையின் முகக்கவசத்தோடு போராடிக்கொண்டிருந்தால் இருவருமே மயங்கிவிடலாம். பெரியவர் முதலில் அணிந்தால் ஐந்து விநாடி போகும். பிறகு நிதானமாகப் பிள்ளைக்கு அணிவிக்கலாம்.

இதில் ஆபத்து என்னவென்றால், ஆக்சிஜன் குறைவது வலிக்காது. மூளை மெல்ல மந்தமாகும். சிலருக்குக் காரணமில்லாத மகிழ்ச்சிகூட வரும். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், சைப்ரஸிலிருந்து புறப்பட்ட ஹீலியோஸ் விமானத்தில் காற்றழுத்தக் கட்டுப்பாடு தவறான நிலையில் வைக்கப்பட்டிருந்தது. விமானிகள் அதை உணரும் முன்பே செயலிழந்தனர். விமானம் கிரேக்க நாட்டில் விழுந்து 121 பேரும் மாண்டனர். அந்த விபத்துக்குப் பின், முகக்கவசம் விழுந்தும் விமானம் கீழிறங்கவில்லை என்றால் விமானியறையைப் பற்றிப் பணியாளர் உடனே சந்தேகப்பட வேண்டும் என்பது பயிற்சியில் கூடுதல் கவனம் பெற்றது.

பல விமானங்களில் முகக்கவசத்துக்கு மேலே ஆக்சிஜன் கலன் எதுவும் இருக்காது. சோடியம் குளோரேட் அடங்கிய சிறு உருளைதான் இருக்கும். கவசத்தை இழுத்ததும் வேதிவினை தொடங்கும். சோடியம் குளோரைடும் ஆக்சிஜனும் கிடைக்கும். சோடியம் குளோரைடு வேறொன்றுமில்லை, நம் சமையல் உப்புதான். வினை தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. 12 நிமிடங்களுக்குக் குறையாமல் ஆக்சிஜன் வரும். விமானி 10,000 அடிக்கு விமானத்தை இறக்க அது போதும். அந்த உருளை மிகவும் சூடாகும் என்பதால் எரிந்த வாடை வரலாம். பயணிகள் தீ என்று பதறாமல் இருக்க, அதை விளக்கிச் சொல்ல வேண்டியவர் பணியாளர்தான்.

பத்து மைவி கார்கள்

"பறக்கும்போது யாராவது கதவைத் திறந்துவிட்டால்?" என்ற பயம் பலருக்கு உண்டு. உள்ளே 76 கிலோபாஸ்கல், வெளியே 24. வேறுபாடு 52 கிலோபாஸ்கல். கதவின் பரப்பளவு ஏறத்தாழ 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பளவு: 52,000 பெருக்கல் 2, அதாவது 104,000 நியூட்டன். இது பத்து டன் எடைக்குச் சமம். பத்து மைவி கார்களை அடுக்கி வைத்தது போல. பெரும்பாலான விமானக் கதவுகள் திறக்கும்போது முதலில் உள்நோக்கியோ மேல்நோக்கியோ நகர வேண்டிய அமைப்புக் கொண்டவை. இத்தனை விசையை எதிர்த்து எந்த மனிதனாலும் அதை அசைக்க முடியாது.

ஆனால் தரையை நெருங்கும்போது இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லாமல் போகும். 2023 மே மாதம் தென்கொரியாவில், ஆசியானா விமானம் தரையிறங்கச் சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருந்தபோது ஒரு பயணி கதவைத் திறந்தேவிட்டார். விமானம் பத்திரமாக இறங்கியது. எனவே கதவருகே பணியாளர் அமர்ந்திருப்பது அழகுக்காக அல்ல.

90 விநாடிகள்

44 இருக்கைகளுக்கு மேல் உள்ள புதிய விமான வகை ஒன்று அனுமதி பெற வேண்டுமானால், அவசர வாயில்களில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளுக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். கதவைத் திறந்ததும் சறுக்குப் பாதை பத்து விநாடிக்குள் விரிந்துவிடும். அழுத்தப்பட்ட வாயு சிறு துளைகள் வழியாக வேகமாகப் பாயும்போது, சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வதால்தான் அத்தனை விரைவு.

2024 ஜனவரி 2-ஆம் நாள், தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இது நிஜமாகவே சோதிக்கப்பட்டது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஐவர் உயிரிழந்தனர். பெரிய விமானத்தில் 379 பேர். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. எட்டு வாயில்களில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. எந்தப் பக்கம் தீ இல்லை என்று சன்னல் வழியே பார்த்து முடிவு செய்தவர்கள் பணியாளர்கள். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தும் குரல் கொடுத்தும் வழிகாட்டினார்கள். 379 பேரும் உயிருடன் வெளியேறினார்கள். பயணிகள் பைகளை விட்டுவிட்டு இறங்கியதும் பெரிய காரணம்.

புறப்படும்போதும் இறங்கும்போதும் சன்னல் மறைப்பைத் திறந்து வைக்கச் சொல்வது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். இரவில் விளக்கை மங்கலாக்குவதும் இதற்காகவே. வெளிச்சத்திலிருந்து திடீரென்று இருட்டுக்குப் போனால், விழித்திரையின் கோல் செல்கள் பழகப் பல நிமிடங்கள் ஆகும். ஆபத்தில் அந்த நிமிடங்கள் கிடைக்காது. அதனால் கண்ணை முன்கூட்டியே பழக்கி வைக்கிறார்கள். அந்த நேரத்தில் பணியாளர் இருக்கையில் பேசாமல் அமர்ந்திருப்பதைப் பார்த்தால், ஓய்வெடுக்கிறார் என்று நினைக்காதீர்கள். "தீப்பிடித்தால் எந்தக் கதவு? எனக்கு உதவக்கூடியவர் யார்?" என்று மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். விமானம் ஏறும் முதல் மூன்று நிமிடங்களும் இறங்கும் கடைசி எட்டு நிமிடங்களும்தான் மிகக் கவனம் தேவைப்படும் நேரம் என்பது அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம்.

இருக்கை வாரும் நியூட்டனும்

2024 மே 21-ஆம் நாள், லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியன்மாருக்கு மேலே கடுமையான காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. ஒரு பயணி உயிரிழந்தார்; பலர் காயமடைந்தனர். விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கைப்படி, செங்குத்து முடுக்கம் 0.6 விநாடிக்குள் 1.35 ஜி-யிலிருந்து கழித்தல் 1.5 ஜி-க்குப் போனது.

நியூட்டனின் முதல் விதியை நினைவுபடுத்துங்கள். விமானம் சட்டென்று கீழே போகும்போது, வார் போடாத உடல் இருந்த நிலையிலேயே தொடர முயல்கிறது. நாம் கூரைக்குப் பறப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் கூரைதான் நம் தலையை நோக்கி வருகிறது. "கொஞ்ச நேரம்தானே" என்று வாரைக் கழற்றுபவரிடம் பணியாளர் பிடிவாதமாக இருப்பதற்கு இந்த 0.6 விநாடியே காரணம். நின்றுகொண்டு வேலை செய்யும் பணியாளருக்கோ அந்த வாரும் இல்லை.

உங்கள் பையில் இருக்கும் தீ

பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துச்செல்ல வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. லித்தியம் மின்கலத்தில் ஒரு பகுதி பழுதாகிச் சூடேறினால், அந்தச் சூடு பக்கத்துப் பகுதியையும் சூடேற்றும், அது அடுத்ததை. சங்கிலிபோல் தொடரும். சரக்கு அறையில் நடந்தால் யாரும் கிட்டே போக முடியாது. பயணிகள் பகுதியில் நடந்தால் பணியாளர் இருக்கிறார். அவர் முதலில் தீயணைப்பானால் சுடரை அணைப்பார். பிறகு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார். தீயணைப்பான் சுடரை அணைக்கும், ஆனால் சூட்டைக் குறைக்காது. தண்ணீரின் தன்வெப்பக் கொள்ளளவு அதிகம் என்பதால், சூட்டை உறிஞ்சிச் சங்கிலியை அறுக்க அதுவே சிறந்தது.

பவர் பேங்குக்குப் பொதுவான வரம்பு 100 வாட்-மணி. உங்களுடையது 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால், 20 ஆம்பியர்-மணி பெருக்கல் 3.7 வோல்ட், அதாவது 74 வாட்-மணி. கொண்டுபோகலாம். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதைத் தடைசெய்துள்ளன.

எப்படிச் சேர்வது?

மலேசிய விமான நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பது 18 வயதும் எஸ்பிஎம் தேர்ச்சியும். மலாயும் ஆங்கிலமும் தடுமாறாமல் பேச வர வேண்டும். சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கும் விமானத்தில், மயங்கி விழும் பாட்டியிடம் "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்கத் தெரிந்தவரின் மதிப்பே தனி. தமிழைக் குறையாக நினைக்காதீர்கள்.

உயரம் ஏன் பார்க்கிறார்கள்? தீயணைப்பானும் ஆக்சிஜன் கலனும் தலைக்கு மேல் உள்ள பெட்டிகளில் இருக்கும். எமிரேட்ஸ் நிறுவனம், நுனிக்காலில் நின்றால் கை 212 சென்டிமீட்டரைத் தொட வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறது. மற்ற நிறுவனங்களின் அளவுகள் வேறுபடும். ஒவ்வொன்றின் அதிகாரப்பூர்வ அகப்பக்கத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் குழுக் கலந்துரையாடல் இருக்கும். யார் அதிகம் பேசுகிறார் என்பதைவிட, யார் மற்றவரைப் பேசவிடுகிறார் என்பதையும் கவனிப்பார்கள். அதன்பிறகு கண், காது உட்பட உடல் பரிசோதனை.

தேர்ந்தெடுக்கப்பட்டால் நிறுவனமே பயிற்சி கொடுக்கும். புகை நிரப்பிய மாதிரி விமானத்தில் தவழ்வது, நீச்சல் குளத்தில் உயிர்காப்புப் படகில் ஏறுவது, தீயணைப்பது, சிபிஆர் செய்வது எல்லாம் உண்டு. தேர்வில் தேறாதவர் பறக்க முடியாது. சேர்ந்த பிறகும் இந்தத் தேர்வுகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். "வேலை உறுதி" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் முகவர்களிடம் ஏமாறாதீர்கள்.

இப்போதே செய்யக்கூடியவை மூன்று. பள்ளியின் செம்பிறைச் சங்கத்திலோ செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையிலோ சேர்ந்து முதலுதவி பழகுங்கள். நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். நான்காம் படிவ அறிவியல் நூலின் அவசர உதவிப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். சிபிஆரும், தொண்டையில் அடைத்ததை வெளியேற்றும் ஹெய்ம்லிச் முறையும் அதில்தான் இருக்கின்றன.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். நேர மண்டலங்களைக் கடப்பதால் தூக்கம் கெடும். விமானத்திற்குள் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போகும். தோலும் தொண்டையும் வறண்டுவிடும். தீபாவளியன்று வேறொரு நாட்டு விடுதியில் தனியாக இருக்க நேரலாம். என் முன்னாள் மாணவி எங்கள் வீட்டுக்கு வந்ததே, தீபாவளி முடிந்து நான்காம் நாள்தான்.

அவள் சொன்னதையெல்லாம் மறுவாரம் வகுப்பில் சொன்னேன். கதவுக் கணக்கைப் பலகையில் எழுதி, விடையை மட்டும் கேட்டேன். முதலில் கை தூக்கியது கடைசி வரிசை மாணவிதான். அன்று மாலை அவளுடைய அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன். அவள் எஸ்பிஎம் எழுதிவிட்டாள். அறிவியலில் நல்ல தேர்ச்சி. நேர்காணலுக்குப் போவதா, மேலே படிப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். எந்த வேலையையும் பார்த்து இனி அந்த வகுப்பு அவ்வளவு எளிதில் சிரிக்காது. நானும்தான்.

சிந்தித்துப் பாருங்கள்: உயிர்காப்பு மேலாடையை விமானத்தை விட்டு வெளியேறும்போதுதான் ஊத வேண்டும், உள்ளேயே ஊதக் கூடாது என்கிறார்கள். விமானத்திற்குள் தண்ணீர் ஏறினால், ஊதிய மேலாடை அணிந்தவருக்கு என்ன ஆகும்? மிதப்பு விசையை வைத்து விடை காணுங்கள்.